எத்தனை பாட்டில் ஏற்றலாம்?

காய்ச்சலோடு போனால் ஊசி, உடம்பு தளர்ந்துபோனால் டிரிப்ஸ். ‘ரெண்டு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்’ என்று நோயாளியே கேட்டு வாங்கிக்கொள்ளும் ஊர் நம்முடையது. ஏற்றிக்கொண்டு எழுந்தவருக்குத் தெம்பு வந்ததுபோலவும் இருக்கும். உள்ளே போனது என்னவென்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அரை லிட்டர் சலைன் பாட்டிலில் இருப்பது தண்ணீரும் நாலரை கிராம் உப்பும். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை. ஒரு டம்ளர் பாயசத்தில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

நடந்து வந்து படுத்தவருக்கு இதனால் பெரிய நன்மை இல்லை, பெரும்பாலும் கெடுதலும் இல்லை. அதே பாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொங்கும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. அங்கே படுத்திருப்பவரின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும், சிறுநீர் நின்றிருக்கும், கை கால் சில்லிட்டிருக்கும். ‘அழுத்தம் இறங்கினால் பாட்டிலை மாட்டு’ என்பதுதான் பல தலைமுறை மருத்துவர்கள் படித்த முதல் பாடம். மாட்டினால் மானிட்டரில் எண் ஏறும். எண் ஏறினால் எல்லோருக்கும் நிம்மதி. அந்த எண் ஏறியதால் ஆள் பிழைத்தாரா என்ற கேள்வியை மட்டும் வெகுகாலம் யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வியை மயக்கவியல் மருத்துவர்களும் ஐசியூ மருத்துவர்களும் (பல நாடுகளில் இருவரும் ஒருவரேதான்) கடந்த கால் நூற்றாண்டாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் திரவம், எவ்வளவு, எப்போது என்ற இந்த மூன்றுக்காக இதுவரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் ஆய்வுகளில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். உப்புத் தண்ணீருக்கா இவ்வளவு என்று தோன்றலாம். கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தால்தான் புரியும்.

1831இல் இங்கிலாந்தின் சண்டர்லேண்டு துறைமுகத்தில் காலரா இறங்கியது. வில்லியம் புரூக் ஓஷானசி என்ற, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மருத்துவர் அங்கே போய் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். அதில் தண்ணீரும் உப்பும் குறைந்து ரத்தம் கெட்டிப்பட்டிருந்தது. போனதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று அவர் எழுதினார். அடுத்த ஆண்டு எடின்பரோவை ஒட்டிய லீத் ஊரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் அதைச் செய்தே பார்த்துவிட்டார். முதல் நோயாளி ஒரு வயதான பெண். நாடி நின்றுபோன நிலையில் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் உப்புத் தண்ணீரை நரம்பு வழியே செலுத்தினார். முகத்தில் நிறம் வந்தது, நாடி வந்தது, அந்த அம்மா பேசினார். இனி பயமில்லை என்று லாட்டா கிளம்பிப் போனார். வாந்தியும் பேதியும் திரும்பவும் தொடங்கின, மேற்கொண்டு ஏற்ற ஆளில்லை, சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். லாட்டாவும் மறு வருடமே காலமானார். முறை மறக்கப்பட்டது. ஓஷானசி கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகக் கல்கத்தா வந்து, கடைசியில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவர் என்றே பெயர் வாங்கினார். தந்தியால் கிடைத்த புகழில் கால்வாசிகூட உப்புத் தண்ணீரால் அவருக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலராவில் உடம்பிலிருந்து தண்ணீர் நிஜமாகவே வெளியே போகிறது. போனதைப் போன அளவுக்கு ஊற்றுவதில் தவறே இல்லை. 1971இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய் வழியே குடிக்கக் கொடுத்தே சாவை 3.6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். அந்த நோய்க்கு அந்த மருந்து சரி. பிரச்சினை என்னவென்றால், காலராவில் பலித்த தர்க்கம் மெல்ல மெல்ல எல்லா வகை ‘ஷாக்’குக்கும், அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்த ஓட்டம் போகாத நிலைக்கும், நீண்டுவிட்டது.

கிருமித்தொற்று முற்றி உடம்பின் உறுப்புகளையே பாதிக்கும் செப்சிஸில் தண்ணீர் அப்படி வெளியே கொட்டுவதில்லை. ரத்தக்குழாய்கள் தளர்ந்து அகன்றுவிடுகின்றன. குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. ரத்தம் இருக்கிறது, அதைப் பிடித்துவைக்கும் பாத்திரம்தான் பெரிதாகியும் ஓட்டையாகியும் போயிருக்கிறது. ஓட்டைக் குடத்தில் ஊற்றினால் கொஞ்ச நேரம் மட்டம் ஏறும். பிறகு இறங்கும். கசிந்தது எங்கேயும் போய்விடாது. நுரையீரலிலும் குடலிலும் காலிலும் தேங்கும்.

சரி, கசியாத திரவம் வேண்டும் என்று யோசித்தார்கள். பெரிய மூலக்கூறுகள் இருந்தால் அவை குழாய்க்குள்ளேயே தங்கித் தண்ணீரையும் இழுத்துவைத்திருக்கும் என்பது கணக்கு. மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆல்புமின் ஒன்று. விலை அதிகம். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு மாவுச்சத்தைப் பதப்படுத்திச் செய்த ஸ்டார்ச் இன்னொன்று. அது மலிவு. ஒரு லிட்டர் ஆல்புமின் செய்வதைச் செய்ய மூன்று லிட்டர் சலைன் வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லின. அந்த ‘ஒன்றுக்கு மூன்று’ எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்டிருந்தால், ஆரோக்கியமான உடம்பின் கணக்கு என்றுதான் பதில் கிடைத்திருக்கும்.

1998இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குண்டு விழுந்தது. அதுவரை ஆல்புமினைப் பற்றி நடந்த 30 சிறிய ஆய்வுகளை, மொத்தம் 1,419 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஒரு குழு, ஆல்புமின் கொடுத்த ஒவ்வொரு 17 பேரிலும் ஒருவர் கூடுதலாக இறக்கிறார் என்று எழுதியது. அரை நூற்றாண்டாகக் கொடுத்துவந்த பொருள். சிலர் கொடுப்பதை நிறுத்தினார்கள், சிலர் கணக்கே தப்பு என்றார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்கள் மட்டும் சண்டையை விட்டுவிட்டுப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். ‘சேஃப்’ என்று பெயர் வைத்தார்கள்.

16 ஐசியூக்கள், 6,997 நோயாளிகள். திரவம் தேவைப்படுகிற ஒவ்வொருவருக்கும் ஆல்புமினா சலைனா என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. மருத்துவருக்கோ செவிலியருக்கோ எது போகிறதென்று தெரியக்கூடாது. ஆல்புமின் பார்த்தாலே தெரியும், இளமஞ்சளாக இருக்கும், நுரைக்கும். அதனால் இரண்டையும் ஒரே மாதிரி கண்ணாடி பாட்டிலில் அடைத்து, அட்டைப் பெட்டியால் மூடி, குழாயையும் அதற்கென்றே தனியாகச் செய்தார்கள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். பாட்டிலை மூடாமல் ஏழாயிரம் பேரிடம் செய்திருந்தாலும், ‘விலை உயர்ந்ததைக் கொடுத்தோம்’ என்று தெரிந்த மருத்துவரின் மனம் அடுத்தடுத்த முடிவுகளில் புகுந்திருக்கும். நம்மால் தடுக்க முடியாது அதை.

28 நாள் முடிவில் ஆல்புமின் பெற்றவர்களில் 726 பேர் இறந்திருந்தார்கள். சலைன் பெற்றவர்களில் 729 பேர். மூன்று பேர் வித்தியாசம்! 17இல் ஒருவர் என்ற பயம் அன்றோடு போயிற்று. கூடவே ‘ஒன்றுக்கு மூன்று’ பாடமும் போயிற்று: நிஜ நோயாளிகளில் அந்த விகிதம் ஒன்றுக்கு 1.4 தான். கசிகிற குழாயில் பெரிய மூலக்கூறும் கசிந்துவிடுகிறது.

ஆனால் அந்த ஏழாயிரம் பேருக்குள் தலையில் பலத்த அடிபட்ட 460 பேரைத் தனியாகப் பின்தொடர்ந்தபோது, இரண்டு ஆண்டு முடிவில் ஆல்புமின் பெற்றவர்களில் 33.2 சதவீதம் இறந்திருந்தார்கள், சலைன் பெற்றவர்களில் 20.4. ஒட்டுமொத்தக் கணக்கில் ‘ஒன்றும் வித்தியாசமில்லை’ என்று வந்ததன் அடியில் ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்குக் கேடு ஒளிந்திருந்தது. தலைக்காயத்துக்கு ஆல்புமின் வேண்டாம் என்று இன்று சொல்வது இந்த 460 பேரால்தான்.

எதற்கு ஏழாயிரம் பேர், நூறு பேரில் தெரியாதா என்று கேட்கலாம். ஐசியூவில் நூற்றுக்கு இருபது பேர் எப்படியும் இறக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு நல்ல மருந்து அதைப் பதினேழாகக் குறைக்கிறது. மூன்று உயிர் சாதாரணமில்லை. ஆனால் நூறு நூறு பேராக இரண்டு வரிசை வைத்தால், ஒன்றில் இருபதும் இன்னொன்றில் பதினேழும் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே வரும். காசு சுண்டிப் பார்த்தால் தெரியும், நூறு முறை சுண்டினால் ஐம்பதுக்கு ஐம்பது விழுவது அபூர்வம். மருந்தின் வேலையை அதிர்ஷ்டத்தின் ஆட்டத்திலிருந்து பிரித்தெடுக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டியிருக்கிறது. ஒரு மருத்துவமனையால் ஆகிற காரியமில்லை. நாடு தழுவிக் கூட்டாக வேலை செய்தவர்கள்தான் இந்தத் துறையை நடத்திவருகிறார்கள் என்பதற்கு இதுவே காரணம்.

அதற்கு முன்பெல்லாம் எப்படி நடந்தது? ஒரு துறைத் தலைவர், அவருடைய மருத்துவமனை, ஐம்பது அறுபது நோயாளிகள், ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை. ஸ்டார்ச்சின் கதை அப்படித்தான் போனது.

ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் மருத்துவமனையில் மயக்கவியல் துறைக்குத் தலைமை வகித்த யோவாகிம் போல்ட், ஸ்டார்ச் பாதுகாப்பானது என்ற பக்கத்தில் உலகிலேயே முன்னணிப் பெயர். 2009இல் அவர் வெளியிட்ட இதய அறுவைசிகிச்சை ஆய்வு ஒன்றைப் படித்த வாசகர்கள் சிலர் ‘அனஸ்தீசியா அண்ட் அனால்ஜீசியா’ இதழின் ஆசிரியர் ஸ்டீவன் ஷேஃபருக்கு எழுதினார்கள். குறை என்ன தெரியுமா? எண்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தன. மனித ரத்தத்தை அளந்தால் ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம் இருக்கும். இந்த அட்டவணையில் அது போதுமான அளவு இல்லை. விசாரித்தபோது அந்த ஆய்வே நடக்கவில்லை என்று தெரிந்தது. 2010இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அவர் வேலையும் போனது. 2011இல் பல இதழ்களின் ஆசிரியர்கள் கூட்டாகச் சேர்ந்து, அறநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் வெளியான அவருடைய ஏறத்தாழ 90 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் எண்ணிக்கை 150ஐத் தாண்டியது.

இது வெறும் ஒரு ஆளின் பித்தலாட்டம் என்று கடந்துபோக முடியாது. 2013இல் ஸ்டார்ச் பற்றிய 38 ஆய்வுகளை, 10,880 நோயாளிகளைத் தொகுத்தபோது, போல்ட்டின் ஏழு ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஸ்டார்ச் கெடுதலா இல்லையா என்பது எல்லைக்கோட்டில் ஊசலாடியது. அந்த ஏழையும், அதில் இருந்த 590 பேரையும், எடுத்துவிட்டுப் பார்த்தால் சாவு கூடுவது தெளிவாகத் தெரிந்தது. பத்தாயிரம் பேரின் கணக்கை ஐந்நூற்றுச் சொச்சம் பேர் மங்கலாக்கி வைத்திருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் காகிதத்தில் மட்டும் இருந்தவர்கள் என்பதுதான் கேள்வி.

அதற்குள் நேர்மையான பெரிய ஆய்வுகளும் வந்துவிட்டன. ஸ்காண்டிநேவிய மருத்துவர்கள் கடுமையான செப்சிஸ் நோயாளிகள் 798 பேரிடம் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. 90 நாளில் ஸ்டார்ச் பெற்றவர்களில் 51 சதவீதம் இறந்தார்கள், ரிங்கர் அசிட்டேட் என்ற உப்புத் திரவம் பெற்றவர்களில் 43. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களும் ஸ்டார்ச் பக்கமே அதிகம். அதே ஆண்டு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் குழுவின் 7,000 பேர் ஆய்வில் சாவில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் டயாலிசிஸ் இங்கேயும் கூடியது. சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுத்த திரவம் சிறுநீரகத்தையே கெடுத்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் கட்டுப்பாடு போட்டது. கட்டுப்பாட்டை மீறிச் செப்சிஸ் நோயாளிகளுக்கும் போய்க்கொண்டிருந்தது தெரியவரவே 2018இல் இறுக்கியது. அதுவும் பலிக்காமல் 2022இல் ஐரோப்பாவில் அனுமதியே நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு மோசமான திரவத்தை அலமாரியிலிருந்து இறக்கப் பத்து வருடம்.

இனி வருவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் முக்கியமான ஆய்வு. அது நடந்த வார்டுகளில் வென்டிலேட்டர்கூடக் கிடையாது.

குழந்தைக்குக் காய்ச்சல், கை கால் சில்லிட்டிருக்கிறது, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப நேரமாகிறது. இப்படி வந்தால் கிலோவுக்கு 20 மி.லி. சலைனை மளமளவென்று ஏற்ற வேண்டும், போதாவிட்டால் திரும்பவும் 20, திரும்பவும் 20. அன்று பணக்கார நாடுகளின் வழிகாட்டி இதுதான். அதன் அடித்தளங்களில் ஒன்று 1991இல் அமெரிக்காவில் வெளியான, 34 குழந்தைகளைப் பார்த்த ஓர் ஆய்வு. குலுக்கல்கூட இல்லை. கென்யாவின் கிலிஃபியில் வேலை செய்த கேத்ரின் மெயிட்லண்ட், ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் இந்த முறையைப் பரவலாகக் கொண்டுவருவதற்கு முன் சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தார். உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் ஆறு மருத்துவமனைகள். ஆய்வின் பெயர் ‘ஃபீஸ்ட்’.

பேதியால் நீர் வற்றிய குழந்தைகள், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகள், தீக்காயம் பட்டவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை. மற்றவர்களில் பாதிக்கு மேல் மலேரியா. மூன்றில் ஒருவருக்குக் கடுமையான ரத்தசோகை. மூன்று வரிசை: சலைன் வேகமாக, ஆல்புமின் வேகமாக, வேக ஏற்றம் எதுவும் இல்லாமல். மூன்றாவது வரிசையைக் கைவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்கும் ஆன்டிபயாடிக், மலேரியா மருந்து, ஆக்சிஜன், ரத்தம், மெதுவாகச் சொட்டும் டிரிப்ஸ் எல்லாம் போயின. மளமளவென்று ஊற்றவில்லை, அவ்வளவுதான்.

அனுமதி வாங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். குழந்தை மூச்சுக்குத் திணறும்போது நான்கு பக்கக் காகிதத்தை அம்மாவிடம் நீட்டிப் படிக்கச் சொல்ல முடியாது. அந்த நிமிடத்தில் சுருக்கமாக வாயால் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். குழந்தை நிலைப்பட்ட பிறகு உட்காரவைத்து முழுதாக விளக்கி எழுத்தில் வாங்கினார்கள். சுயநினைவில்லாதவர்களை வைத்துத்தான் ஐசியூ ஆராய்ச்சியே என்பதால் இந்தத் தள்ளிவைத்த சம்மதம் பல நாடுகளில் நடைமுறை. இடையில் குழந்தை இறந்துவிட்டால் அந்தத் தாயிடம் என்ன கேட்பது? இதற்குச் சட்டப்படியான பதில்கள் உண்டு, மனம் ஒப்பும் பதில் உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்.

3,600 குழந்தைகள் என்று திட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் சாவுக் கணக்கைப் பார்க்கத் தனியான கண்காணிப்புக் குழு உண்டு, ஆய்வு நடத்துபவர்களுக்கே அந்தக் கணக்கு தெரியாது. 2011 ஜனவரியில் அந்தக் குழு ‘உடனே நிறுத்துங்கள்’ என்றது. அதற்குள் 3,141 குழந்தைகள் சேர்ந்திருந்தார்கள். 48 மணி நேரத்துக்குள் ஆல்புமின் வரிசையில் 10.6 சதவீதம், சலைன் வரிசையில் 10.5 சதவீதம் குழந்தைகள் இறந்திருந்தார்கள். வேக ஏற்றம் இல்லாத வரிசையில் 7.3. நூறு குழந்தைகளுக்கு அந்தப் பாட்டிலை மாட்டியதில் மூன்று குழந்தைகள் கூடுதலாகப் போயிருந்தன.

இதைவிட உறுத்துவது இன்னொரு எண். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, பாட்டில் ஏற்றிய குழந்தைகளில் 43 சதவீதத்துக்கு ஷாக் தீர்ந்திருந்தது. ஏற்றாதவர்களில் 32 சதவீதம்தான். பக்கத்தில் நின்ற மருத்துவர் கண்ணால் கண்டது இதைத்தான்: ஏற்றினேன், கை சூடானது, நாடி நன்றாக வந்தது. அந்த மருத்துவர் பொய் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் தேறியவர்களின் வரிசைதான் இரண்டு நாளில் அதிகம் செத்தது. வாழ்நாள் முழுக்க ஐசியூவில் நின்ற அனுபவசாலிக்கும் இந்த மூன்று சதவீதம் கண்ணில் பட்டிருக்காது. குலுக்கலும் ஆயிரக்கணக்கான பெயர்களும் இல்லாமல் அதைப் பிடிக்க வழியில்லை.

முடிவு வெளியானதும் பலர் நம்பவில்லை. ஆப்பிரிக்கா என்பதால், மலேரியா என்பதால், வென்டிலேட்டர் இல்லாததால் என்று காரணம் தேடினார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கும் என்பது எல்லோரும் எதிர்பார்த்த விளக்கம். ஆராய்ந்தபோது அப்படி இறந்தவர்கள் அதிகமில்லை. பெரும்பாலோர் இதயமும் ரத்த ஓட்டமும் நிலைகுலைந்து இறந்திருந்தார்கள். சலைனில் இருக்கும் கூடுதல் குளோரைடு ரத்தத்தை அமிலமாக்கியிருக்கலாம், ஏற்கெனவே நீர்த்துப்போன ரத்தம் இன்னும் நீர்த்திருக்கலாம் என்றெல்லாம் பேசுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அவசரகாலக் குழந்தை வழிகாட்டி 2016இல்தான் மாறியது. நடுவில் போன ஐந்து வருடத்துக்கு யார் கணக்குச் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

ஜாம்பியாவின் லுசாகாவில் பெரியவர்களிடம், செப்சிஸோடு அழுத்தம் இறங்கி வந்த 212 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்விலும் அதே கதை. நெறிமுறைப்படி தாராளமாகத் திரவமும் மருந்தும் கொடுத்தவர்களில் 48.1 சதவீதம் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 33.

இங்கே ஒரு நிமிடம் டெங்குவுக்கு வர வேண்டும், நம் ஊரில் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் மழைக்காலத்தில் எழுவதால். ‘அப்படியானால் டிரிப்ஸே வேண்டாமா?’ என்று யாராவது கேட்டால் பதில், இல்லை. டெங்கு ஷாக்கில் பிளாஸ்மா நிஜமாகவே குழாயை விட்டு வேகமாகக் கசிகிறது. திரவம் கொடுக்காவிட்டால் குழந்தை பிழைக்காது. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் டெங்கு ஷாக்கோடு வந்த 512 குழந்தைகளை வைத்து நடந்து 2005இல் வெளியான ஆய்வில், கவனமாகத் திரவம் கொடுத்து ஒரே ஒரு குழந்தையைத்தான் இழந்தார்கள். மிதமான ஷாக்குக்கு மலிவான ரிங்கர் லாக்டேட்டே போதும் என்பதும் அதில் தெரிந்தது. ஆனால் அந்தக் கசிவு ஒன்றிரண்டு நாளில் நின்று, கசிந்ததெல்லாம் குழாய்க்குள் திரும்பும். அப்போதும் பாட்டிலை நிறுத்தாமல் விட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். அதனால்தான் டெங்கு வார்டில் மணிக்கணக்குப் பார்த்துச் சொட்டுகளைக் கூட்டிக் குறைக்கிறார்கள். நாமோ வெளியே நின்று பிளேட்லெட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உள்ளே இருப்பவர் பிசிவி எனப்படும் ரத்தத்தின் கெட்டித்தன்மையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பணக்கார நாடுகளிலும் பாடம் மாறிக்கொண்டே இருந்தது. டெட்ராய்ட்டின் ஒரே மருத்துவமனையில் 263 பேரிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வு, முதல் ஆறு மணி நேரத்தில் எண்களைக் குறிவைத்துத் திரவமும் ரத்தமும் மருந்தும் கொடுத்தால் சாவு 46.5 சதவீதத்திலிருந்து 30.5க்கு இறங்கும் என்றது. உலகமே பின்பற்றியது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று மூன்று இடங்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் திரும்பச் செய்து 2014, 15இல் முடிவுகள் வந்தபோது வித்தியாசம் காணாமல் போயிருந்தது. 263 பேரின் முடிவு தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த ஆய்வு வந்த பிறகு எல்லா ஊரிலும் செப்சிஸைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சீக்கிரம் ஆன்டிபயாடிக் போட ஆரம்பித்திருந்தார்கள். சாதாரண சிகிச்சையே உயர்ந்துவிட்டதால் விசேஷ சிகிச்சைக்கு வேலை இல்லாமல் போயிருக்கலாம்.

சலைனா, ரத்தத்தின் உப்புகளுக்கு நெருக்கமான ரிங்கர் வகைத் திரவமா என்பது இன்னொரு நீண்ட வழக்கு. சலைனை ‘நார்மல்’ என்பார்கள். அதில் குளோரைடு லிட்டருக்கு 154 அலகு; நம் ரத்தத்தில் சுமார் 100. நார்மல் இல்லை என்பது பெயரைத் தவிர எல்லாவற்றிலும் தெரிகிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 15,802 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், சாவு அல்லது சிறுநீரகக் கேடு சலைனில் 15.4 சதவீதம், மற்றதில் 14.3. பிறகு பிரேசிலில் 11,000 பேரிடமும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 5,000 பேரிடமும் பார்த்ததில் சாவில் உறுதியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இருந்தால் மிகச் சிறியது. ஐசியூக்கள் மெல்ல ரிங்கர் பக்கம் சாய்கின்றன, சலைன் இன்னும் ஒழியவில்லை.

எவ்வளவு என்ற கேள்விக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஐரோப்பாவில் 1,554 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், தொடக்கத் திரவத்துக்குப் பிறகு கையைக் கட்டிக் குறைவாகக் கொடுத்தவர்களில் 42.3 சதவீதம் இறந்தார்கள், வழக்கம்போல் கொடுத்தவர்களில் 42.1. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 1,563 பேரிடம் 14.0, 14.9. குறைத்தால் தப்பிக்கலாம் என்று ஆசைப்பட்டவர்களுக்கும் ஏமாற்றம், கூட்டினால் தப்பிக்கலாம் என்றவர்களுக்கும் ஏமாற்றம். எல்லோருக்கும் ஒரே அளவு என்ற ஒன்று இல்லை போலிருக்கிறது.

அதனால் இப்போது கேள்வி பாட்டிலை விட்டுப் படுக்கையில் இருப்பவரிடம் திரும்பியிருக்கிறது. இந்த ஆளுக்கு, இந்த நிமிடத்தில், திரவம் உதவுமா? அதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. தலைப்பக்கத்தைத் தாழ்த்தி இரு கால்களையும் உயர்த்திப் பிடித்தால் காலில் இருக்கும் ரத்தம் கொஞ்சம் இதயத்துக்கு ஓடும். ஒரு நிமிடத்தில் இதயம் தள்ளும் ரத்தம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூடினால் பாட்டில் பலன் தரலாம். கூடாவிட்டால் காலை இறக்கிவிடலாம், போனது ஒன்றுமில்லை. பாட்டிலை அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, எக்வடார், உருகுவே என ஐந்து நாடுகளின் 28 ஐசியூக்களில் 424 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் இன்னும் எளிமையான ஒன்றைச் சோதித்தார்கள். ஒரு வரிசையில், ஷாக்கில் ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் பார்த்துச் சிகிச்சையை நகர்த்தினார்கள். இன்னொரு வரிசையில் ஆள்காட்டி விரல் நுனியை ஒரு கண்ணாடித் தகட்டால் பத்து விநாடி அழுத்தி, விட்டதும் நிறம் மூன்று விநாடிக்குள் திரும்புகிறதா என்று அரை மணிக்கு ஒருமுறை பார்த்தார்கள். திரும்பிவிட்டால் மேற்கொண்டு ஊற்றுவதை நிறுத்தினார்கள். 28 நாளில் லாக்டேட் வரிசையில் 92 பேர் இறந்தார்கள், விரல் வரிசையில் 74. புள்ளியியல் கேட்கும் உறுதிக்கு அது மயிரிழையில் எட்டவில்லை. ஆனாலும் பல ஐசியூக்களில் இப்போது மானிட்டரைப் பார்த்த கையோடு நோயாளியின் விரலையும் அழுத்திப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்கள்.